பூனையைத் தூக்குவதற்கு முன்: எந்த நிலையில் இருந்தால் என்ன செய்வது

எங்கள் அடுக்ககத்தின் மோட்டார் ரூமில், காலி பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால், ஓர் ஐப்பசி மழை நாளில் மூன்று பூனைக்குட்டிகளைப் பார்த்தேன். கண்கூடத் திறக்கவில்லை. அய்யோ பாவம் என்று துண்டில் சுற்றி இரண்டாவது மாடிக்குத் தூக்கிவந்து, பசும்பாலில் தண்ணீர் கலந்து இங்க் ஃபில்லரில் ஊட்டிவிட்டு, நல்ல காரியம் செய்த நிம்மதியில் படுத்துத் தூங்கினேன். அன்றிரவு முழுக்கத் தாய்ப்பூனை மோட்டார் ரூமுக்கும் படிக்கட்டுக்குமாக நடந்து நடந்து கத்தியது. கீழ்வீட்டு அக்கா காலையில் சொல்லித்தான் எனக்கே தெரியும். விடிவதற்குள் ஒரு குட்டி செத்துப்போயிருந்தது.

மீதி இரண்டையும் அதே இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டுப் படிக்கட்டின் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அரை மணி நேரம் இருக்கும், தாய் வந்து கழுத்தைக் கவ்வி ஒவ்வொன்றாக எங்கேயோ கொண்டுபோனது. அதற்கப்புறம் எத்தனையோ பூனைகளைப் பார்த்தாகிவிட்டது, கொஞ்சம் கற்றுக்கொண்டும் ஆகிவிட்டது. கீழே உள்ளதை முழுக்கப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் முன்னால் இருக்கும் பூனை எந்த நிலையில் இருக்கிறதோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். கடித்தோ பிறாண்டியோ இருந்தால் மற்றதெல்லாம் அப்புறம், முதலில் "கடித்துவிட்டது" என்ற பகுதி.

குட்டிகள் மட்டும் இருக்கின்றன, தாயைக் காணோம்

பெரும்பாலும் தாய் எங்கேயும் போய்விடவில்லை, இரை தேடத்தான் போயிருக்கும். அல்லது நீங்கள் அங்கே நிற்பதாலேயே பக்கத்து வீட்டு சன்ஷேடில் உட்கார்ந்துகொண்டு வராமல் இருக்கும். அதனால் தொடாதீர்கள், பாருங்கள். குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று குவியலாகத் தூங்குகின்றனவா, வயிறு உருண்டையாக இருக்கிறதா, உடம்பு சுத்தமாக இருக்கிறதா? அப்படியென்றால் தாய் இருக்கிறது. குட்டிகள் தனித்தனியாகத் தவழ்ந்து விடாமல் கத்திக்கொண்டிருந்தால், வயிறு ஒட்டி, பின்பக்கம் மலம் காய்ந்து ஒட்டியிருந்தால், எறும்பு மொய்த்தால் விஷயம் வேறு.

சந்தேகமாக இருந்தால் ஒரு வழி உண்டு. குட்டிகளைச் சுற்றி அரிசி மாவை மெல்லிசாக ஒரு வட்டமாகத் தூவிவிட்டு வந்துவிடுங்கள். இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் போய்ப் பாருங்கள், தாய் வந்துபோயிருந்தால் மாவில் பெரிய பூனையின் கால்தடம் இருக்கும், இல்லையென்றால் இருக்காது. (கோலப்பொடி வேண்டாம், கல் பொடியாக இருந்தால் மூக்கில் ஏறும். எறும்புப் பொடி வேண்டவே வேண்டாம்.) இடம் பத்திரமாக இருந்தால் நான்கைந்து மணி நேரம்வரை தாராளமாகக் காத்திருக்கலாம். தண்ணீர் ஏறும் இடம், கார் நிறுத்தும் இடம், நாய்கள் சுற்றும் இடம் என்றால் மட்டும் சில அடி தள்ளி, தாய்க்குக் குரல் கேட்கும் தூரத்தில், ஓர் அட்டைப்பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து அதற்குள் வையுங்கள். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்று ஒரு பேச்சு உண்டு, பூனை அவ்வளவு சுலபமாக ஒதுக்குவதில்லை. ஆனால் ஆள் வந்து வந்து எட்டிப்பார்த்தால் இடத்தை மாற்றும். பூனை குட்டி போட்டால் ஏழு வீடு மாற்றும் என்று பாட்டி சொல்வது இதைத்தான். மாற்றுகிற வேலையின் நடுவில் ஒரு குட்டி மட்டும் தனியாகக் கிடப்பதைப் பார்த்துத்தான் நிறையப் பேர் "அனாதைக் குட்டி" என்று தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

தாய் உண்மையிலேயே இல்லை, குட்டி சில்லென்று இருக்கிறது

முதலில் சூடு, பிறகுதான் பால். இந்த வரிசையை மாற்றினால் குட்டி சாகும், நான் செய்த தப்பும் அதுதான். நான்கு வாரத்துக்குள் உள்ள குட்டிக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது. சில்லிட்ட உடம்பில் குடலும் வேலை செய்யாது, பால் உள்ளே போய் அப்படியே கெட்டுப்போகும். தண்ணீர் பாட்டிலில் வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பி, பழைய பனியனிலோ துண்டிலோ சுற்றி, பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் மறுபாதிக்கு நகர இடம் வேண்டும். அடுப்புப் பக்கத்தில் வைப்பது, ஹேர் டிரையர் பிடிப்பது எல்லாம் வேண்டாம். ஒரு மணி நேரம்போல் ஆகும், அவசரப்படாதீர்கள். குட்டி துவண்டு கிடந்தால் சர்க்கரைத் தண்ணீரை விரல் நுனியில் தொட்டு ஈறில் தடவலாம், அவ்வளவுதான், வாய்க்குள் ஊற்றக் கூடாது.

வயது தெரிந்தால் மற்றதெல்லாம் சுலபம். தொப்புள்கொடி இன்னும் ஒட்டியிருந்தால் பிறந்து சில நாள்தான் ஆகியிருக்கும். கண் திறப்பது 7 முதல் 14 நாளுக்குள். மூன்று வாரத்தில் காது நிமிர்ந்து தள்ளாடித் தள்ளாடி நடக்கும், முன்பற்கள் முளைக்கும். எடை பிறக்கும்போது ஏறக்குறைய 100 கிராம், ஒரு மாதத்தில் 450 கிராம்போல், இரண்டு மாதத்தில் 900 கிராமைத் தொடும். சமையலறைத் தராசு இருந்தால் தினமும் எடை பாருங்கள். நாளுக்குப் பத்துக் கிராமாவது ஏற வேண்டும், ஏறவில்லை என்றால் குட்டி துள்ளினாலும் ஏதோ சரியில்லை.

பால் கொடுத்தேன், பேதியாகிறது

பசும்பால். நம் ஊரில் பூனை என்றாலே பால் என்று பழமொழியிலிருந்து பாடப்புத்தகம்வரை ஊறிப்போயிருக்கிறது, ஆனால் மாட்டுப்பாலில் இருக்கும் லாக்டோஸ் என்ற சர்க்கரை பெரும்பாலான பூனைகளுக்குச் செரிக்காது. பெரிய பூனைக்கு வயிறு கலங்குவதோடு போகும், சின்னக் குட்டிக்கோ பேதியில் உடம்புத் தண்ணீர் வற்றி உயிரே போகும். பெட் ஷாப்பில் பூனைக்குட்டிக்கான பால் பவுடர் கிடைக்கிறது, அதைத்தான் வாங்க வேண்டும். ராத்திரி பதினொரு மணிக்கு எந்தக் கடையும் இல்லை என்றால் அந்த ஓர் இரவுக்கு ஆட்டுப்பால் வைத்துச் சமாளிக்கலாம், மறுநாளும் அதையே தொடராதீர்கள்.

கொடுக்கும் முறையும் முக்கியம். கைக்குழந்தையை மடியில் மல்லாத்துவதுபோல் மல்லாத்தாதீர்கள், பால் நுரையீரலுக்குள் போய்விடும். தாயிடம் குடிக்கும்போது எப்படி இருக்குமோ அப்படியே குப்புற, நான்கு காலும் துண்டில் ஊன்றியிருக்க, தலை லேசாக நிமிர்ந்திருக்க வேண்டும். ஊசி இல்லாத சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாக. மூக்கு வழியாகப் பால் வந்தால் உடனே நிறுத்தித் தலையைத் தாழ்த்துங்கள். முதல் வாரக் குட்டிக்கு இரவிலும் சேர்த்து இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை. ஆமாம், அலாரம் வைத்து எழுந்திருக்க வேண்டும். குடித்து முடித்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் பின்பக்கம் மெதுவாகத் துடைத்துவிடுங்கள், தாய் நக்கிவிடுவதற்கு ஈடாக. மூன்று வாரம்வரை குட்டி தானாக மூத்திரம் போகாது, இது தெரியாமல் வயிறு உப்பிக் கஷ்டப்படுகிற குட்டிகள் நிறைய. ஒரு மாதத்துக்கு மேல் என்றால் வேகவைத்த கோழிக்கறியை மசித்து, உப்பு வெங்காயம் பூண்டு எதுவும் இல்லாமல், அந்தப் பவுடர் பாலில் குழைத்துத் தட்டில் வைத்துப் பழக்கலாம்.

கண் ஒட்டியிருக்கிறது, தும்முகிறது, சாப்பிட மாட்டேன் என்கிறது

பூனைச் சளி. மழைக்காலத்தில் தெருவுக்குத் தெரு பார்க்கலாம். மனிதர்களுக்கு ஒட்டாது, வீட்டில் இன்னொரு பூனை இருந்தால் அதற்கு ஒட்டும். கொதித்து ஆறிய தண்ணீரில் பஞ்சை நனைத்துக் கண்ணின் மேல் கொஞ்ச நேரம் வைத்திருந்து, பீளை ஊறியதும் துடையுங்கள், ஒவ்வொரு கண்ணுக்கும் தனிப் பஞ்சு. வீட்டில் மீந்துகிடக்கும் மனிதர்களின் கண் மருந்தை விடாதீர்கள், அதில் ஸ்டீராய்டு இருந்தால் புண் ஆழமாகிப் பார்வையே போகலாம். மூடிய இமைக்குப் பின்னால் சீழ் கட்டி வீங்கியிருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.

சாப்பிடாததற்குக் காரணம் பல சமயம் மூக்கடைப்புதான், வாசனை தெரியாத சோற்றைப் பூனை தொடாது. வேகவைத்த மத்தி மீனை முள் எடுத்து வெதுவெதுப்பாக்கி மூக்குக்குக் கிட்டே வைத்துப் பாருங்கள். கருவாடு வேண்டாம், உப்பு. வளர்ந்த பூனை இரண்டு நாளுக்கு மேல் ஒன்றுமே தின்னாமல் இருந்தால் ஈரலில் கொழுப்பு அடைக்க ஆரம்பிக்கும், அதற்கு மேல் காத்திருக்கக் கூடாது.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன், காய்ச்சலாக இருக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுக்காதீர்கள். பாதி மாத்திரையே ஒரு பூனையைக் கொல்லும். அதை முறிக்கும் வேதிவேலை பூனையின் ஈரலுக்கு ஏறக்குறைய கிடையாது, நாய்க்கும் நமக்கும் உண்டு. பினாயிலும் டெட்டாலும் இதே காரணத்தால் விஷம். பினாயில் ஊற்றித் துடைத்த தரையில் நடந்துவிட்டுக் காலை நக்கினாலே போதும். காயத்தைக் கழுவ வெறும் தண்ணீர், அல்லது மருந்துக்கடையில் கிடைக்கும் சலைன், அவ்வளவுதான்.

சத்தம் கேட்கிறது, ஆளைக் காணோம்

மழை நாளில் கார் பானெட்டுக்குள் தேடுங்கள், இஞ்சின் சூட்டுக்குப் போய்ப் படுத்திருக்கும். வண்டியை எடுப்பதற்கு முன் பானெட்டை நாலு தட்டு தட்டுகிற பழக்கம் நல்லது. உள்ளே இருப்பது தெரிந்தால் தண்ணீர் அடிக்காதீர்கள், இன்னும் உள்ளே போகும். பானெட்டைத் திறந்துவைத்து, கீழே மீனை வைத்துவிட்டு, எல்லோரும் தள்ளிப் போங்கள். "எல்லோரும்" என்பதுதான் கஷ்டம், நம் தெருவில் பத்துப் பேர் கூடி ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். தாயின் குரலைக் கைபேசியில் போட்டுக் காட்டினால் குட்டி சில சமயம் வெளியே வரும்.

கிணறு என்றால் மூங்கில் கூடையோ பழக்கடை பிளாஸ்டிக் கூடையோ நான்கு முனையில் கயிறு கட்டி இறக்கி, அசையாமல் வைத்திருங்கள். தானாக ஏறி உட்காரும், உட்கார்ந்ததும் மெதுவாக இழுக்க வேண்டும். யாரும் இறங்க வேண்டாம், பாழுங்கிணற்றில் விஷவாயு ஆளைக் கொல்லும். 101க்குப் போன் செய்தால் தீயணைப்புத் துறையினர் இதற்கும் வருவார்கள்.

பெரிய பூனை, பழகிய மாதிரி இருக்கிறது

யாரோ ஒருவருடைய பூனையாக இருக்கலாம். உடம்பு பளபளப்பாக இருப்பது, கூப்பிட்டால் வாலைத் தூக்கிக்கொண்டு வருவது, குளிர்சாதனப்பெட்டி திறக்கும் சத்தத்துக்குத் திரும்புவது (இது கையும் களவுமான அடையாளம்) எல்லாம் பார்க்கலாம். காகிதத்தை நீளமாகக் கத்தரித்து "இது உங்கள் பூனையா? இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள்" என்று எழுதிக் கழுத்தில் தளர்வாகச் சுற்றி ஒட்டிவிடுங்கள். எங்காவது மாட்டினால் கிழிந்துவிடும், கழுத்தை இறுக்காது. ஒரு முறை இப்படி அனுப்பிய பூனை மாலையில் அதே காகிதத்தின் பின்பக்கத்தில் பதிலோடு திரும்பி வந்தது: "ஆமாம். எங்கள் வீட்டிலும் சாப்பிட்டாயிற்று, கொடுக்காதீர்கள்."

காது நுனி நேர்க்கோடாக வெட்டியிருந்தால் அது அடிபட்டதல்ல. கருத்தடை செய்து திரும்ப விட்டதற்கு அடையாளம், பொதுவாக இடது காதில். அப்படிப்பட்ட பூனை உங்கள் தெருவில்தான் குடியிருக்கிறது, காணாமல் போகவில்லை. அதைப் பிடித்து வேறெங்கோ விடாதீர்கள். யாராவது வந்து "எங்கள் பூனை" என்றால், பூனை கிடைத்தது என்று நீங்கள் போட்ட படத்தில் தெரியாத ஓர் அடையாளத்தைக் கேளுங்கள், வயிற்றுப்புள்ளி, வால் முடிச்சு இப்படி.

மூத்திரம் போக உட்கார்ந்து உட்கார்ந்து எழுகிறது, ஒன்றும் வரவில்லை

இது கடுவனா என்று பாருங்கள். கடுவன் என்றால் இன்றே, இப்போதே டாக்டர். மூத்திரக்குழாய் அடைத்திருக்கும், ஒன்றிரண்டு நாளில் உயிர் போகும். பார்க்கிறவர்கள் மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்து அந்த ஒரு நாளையும் தொலைத்துவிடுகிறார்கள்.

வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது

நாய் அப்படிச் செய்யும், பூனை செய்யாது. ஓடிவந்த களைப்பாக இருந்தால் சில நிமிடத்தில் அடங்க வேண்டும். அடங்கவில்லை என்றால் அவசரம். கத்திரி வெயிலில் கண்டால் நிழலுக்குக் கொண்டுவந்து, பாதத்தையும் வயிற்றையும் சாதாரணத் தண்ணீரில் நனைத்து, மின்விசிறிக் காற்றில் வைத்துக்கொண்டே ஆட்டோ பிடியுங்கள். ஐஸ் வைக்காதீர்கள்.

காதிலும் முகத்திலும் பொருக்குத் தட்டியிருக்கிறது

காது விளிம்பில் தொடங்கி நெற்றிவரை சாம்பல் நிறத்தில் தடித்த பொருக்கு, விடாமல் சொறிதல்: சொறிப்பூச்சி. பார்க்கப் பயங்கரமாக இருக்கும், ஆனால் மருந்துக்கு நன்றாகக் கேட்கும். சில வாரத்தில் முடி முளைத்து வேறு பூனைபோல் ஆகிவிடும். ஊரில் மாட்டாஸ்பத்திரி என்று சொல்கிற அரசு கால்நடை மருந்தகத்திலேயே இதற்கு ஊசி போடுவார்கள். மண்ணெண்ணெய், பழைய இஞ்சின் ஆயில் என்று எதையும் பூசாதீர்கள், பூசியது முழுக்க நக்கி வயிற்றுக்குள்தான் போகும். காதுக்குள் காபிப்பொடி மாதிரி கறுப்பாக இருந்தால் அது காதுப்பூச்சி. வட்ட வட்டமாக முடி கொட்டியிருந்தால் படர்தாமரை, அது நமக்கும் ஒட்டும், தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

குட்டிகளிடம் தெள்ளுப்பூச்சியைச் சாதாரணமாக எண்ணாதீர்கள். ஒரு சின்னக் குட்டியின் ரத்தத்தையே உறிஞ்சித் தீர்த்துவிடும். ஈறு வெளுத்திருந்தால் அதுதான் காரணமாக இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுத்துவரை கழுவி, பேன் சீப்பால் வாரி, உடனே துவட்டிக் காயவையுங்கள். நாய்க்கான தெள்ளு மருந்தைப் போட்டுவிடாதீர்கள், அதில் இருக்கும் பெர்மெத்ரின் பூனைக்கு வலிப்பு வரவழைத்துக் கொல்லும். அட்டையில் நாய்ப் படம் மட்டும் இருந்தால் அது பூனைக்கு இல்லை.

எலிப் பசை அட்டையில் ஒட்டிக்கொண்டது

பிய்க்காதீர்கள், தோலோடு வரும். ஒட்டாமல் மீதியிருக்கும் பசைமேல் கோதுமை மாவைக் கொட்டுங்கள், மேலும் ஒட்டாமல் நிற்கும். அப்புறம் சமையல் எண்ணெயை ஊற்றி விரலால் தேய்த்துத் தேய்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவியுங்கள். தின்னர், பெட்ரோல் ஆகாது. முக்கால் மணி நேரம் ஆகும், இரண்டு பேர் வேண்டும், ஒருவர் பூனையைத் துண்டில் சுற்றிப் பிடிக்க.

கடித்துவிட்டது, பிறாண்டிவிட்டது

குழாயைத் திறந்து, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள், கடிகாரத்தைப் பார்த்து. மஞ்சள், சுண்ணாம்பு, காபிப்பொடி, மிளகாய்ப்பொடி எதுவும் வைக்காதீர்கள், கட்டும் போடாதீர்கள். பிறகு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கோ போங்கள். வெறிநோய்த் தடுப்பூசி அங்கே இலவசம். "பூனைதானே" என்று விடாதீர்கள், வெறிநோய் பூனைக்கும் வரும், பூனையிடமிருந்து மனிதனுக்கும் வரும். தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 என்று நாள் கணக்கு, நடுவில் நிறுத்தக் கூடாது. ரத்தம் வரும்படி பல் பதிந்திருந்தால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பு மருந்தும் தேவைப்படும், அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். பூனைப் பல் ஊசி மாதிரி, வெளியே சின்னப் புள்ளியாகத் தெரியும், உள்ளே ஆழமாகப் போய் ஒரு நாளுக்குள் சீழ் கட்டும், அதனால் கை வீங்கினாலும் திரும்பக் காட்டுங்கள். அந்தப் பூனையைப் பத்து நாள் கண்காணிக்க முடிந்தால் நல்லது, ஆனால் அதற்காக ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள்.

வீட்டில் ஏற்கெனவே பூனை இருக்கிறது

தனி அறை, தனித் தட்டு, இரண்டு வாரம். குளியலறையானாலும் பரவாயில்லை. வாந்தியும் பேதியுமாக ஓரிரு நாளில் குட்டிகளைக் கொன்றுபோடும் பான்லூகோபீனியா வைரஸ் தரையிலும் துணியிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். பினாயிலுக்கு அது சாகாது, பிளீச்சிங் பவுடர் கரைசலுக்குத்தான் சாகும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் பூனையை விரட்ட வேண்டியதில்லை, மலத்தட்டைத் தினமும் வேறொருவர் சுத்தம் செய்தால் போதும். கருவைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா கிருமி பூனையின் மலத்தில் வெளியே வந்து ஒரு நாளாவது ஆன பிறகுதான் தொற்றும் நிலைக்கு வரும்.

வைத்துக்கொள்ளவும் முடியாது, விடவும் மனசில்லை

சாக்கில் கட்டி மீன் மார்க்கெட்டில் விட்டுவிட்டு வருவதுதான் நம் ஊர் வழக்கம். மீன் கிடைக்கும் என்று சமாதானமும் சொல்லிக்கொள்கிறோம். அங்கே ஏற்கெனவே இருக்கும் கடுவன்கள் புதுப் பூனையை உள்ளேயே விடாது. பட்டினி கிடக்கும்படி விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட. செய்யக்கூடியது, கருத்தடை செய்து அதே தெருவில் விடுவது. பெட்டை நான்கு மாதத்திலேயே சினை பிடிக்கும், இரண்டு மாதத்தில் குட்டி போடும், பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த சினையும் ஆகிவிடும். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, 1959இல் தொடங்கிய புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு வேளச்சேரி சாலையில் இருக்கிறது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியிலும் கால்நடைக் கல்லூரிகளில் மருத்துவமனை உண்டு. போகும் முன் போன் செய்து நாளைக் கேட்டுக்கொள்ளுங்கள். கூண்டு இல்லாதவர்கள் கட்டைப்பையில் வைத்து ஆட்டோவில் போகப் பார்ப்பார்கள், நானும் போனேன், சிக்னலில் பை கிழிந்தது. இரண்டு பிளாஸ்டிக் கூடைகளை வாயோடு வாய் வைத்துக் கயிற்றால் கட்டினால் போதும்.

எங்கள் மோட்டார் ரூம் பூனையைப் பிடிக்க எனக்கு ஐந்து மாதம் ஆனது. முகத்தைப் பார்த்தாலே ஓடிவிடும், அதன் பக்கம் நியாயம் இருந்தது. கடைசியில் கீழ்வீட்டு அக்கா வைத்த நெத்திலிக்குத்தான் கூடைக்குள் வந்தது. இப்போது இடது காது நுனி இல்லாமல் காம்பவுண்டு சுவர்மேல் உட்கார்ந்திருக்கும். காலையில் மீன்காரர் சைக்கிள் ஹாரன் கேட்டதும் இறங்கி வரும், அக்கா வாசலுக்கு, என் வாசலுக்கு இல்லை.